பல்பு போட்டால் பாட்டு போச்சு



கார்த்திகை பிறந்துவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து பெருங்களத்தூர் கடைகள் வரை சீரியல் செட்டுகள் தோரணம் கட்டித் தொங்குகின்றன. அகல் வாங்கப் போனவர்கள் மாடிப்படிக்கு ஒன்று, பால்கனிக்கு ஒன்று என்று கையோடு இரண்டு செட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். எரியட்டும், பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்தோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சரக்கும் வீட்டுக்குள் வருகிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

இன்னும் ரேடியோ வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பழகிய தொல்லை. பகலில் சுமாராகக் கேட்டுக்கொண்டிருந்த மீடியம் வேவ், சாயங்காலம் ஹாலில் லைட் போட்டதும் கொர்ரென்ற இரைச்சலில் அமிழ்ந்துபோகும். இருட்டியபின் தொலைதூர நிலையங்களின் அலைகள் வானில் பட்டுத் திரும்பி வந்து கலப்பது இயற்கை. அப்போது குரல்கள் ஏறி இறங்கும், நடுவே வேற்று மொழிப் பாட்டு எட்டிப்பார்க்கும். ஆனால் ஸ்விட்சைத் தட்டிய நொடியில் தொடங்கி, அணைத்த நொடியில் நிற்கிற இரைச்சல் வானத்திலிருந்து வருவதில்லை. 'செட் பழசாயிடுச்சு' என்று ரேடியோவைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். பாவம், அதன் மேல் பெரும்பாலும் குற்றம் இருக்காது. குற்றவாளி ஹோல்டரில் மாட்டியிருக்கிறான்.

குண்டு பல்பு இந்த விஷயத்தில் பரம சாது. உள்ளே ஒரு கம்பி சூடேறி எரியும், அவ்வளவுதான். தொல்லை டியூப் லைட்டோடு வந்தது. பழைய டியூப் லைட் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அலுமினிய டப்பிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழும், அதன் குறுக்கே மிளகளவில் ஒரு கெபாசிட்டரும் இருக்கும். டியூப்பைப் பற்றவைப்பது குமிழின் வேலை. கெபாசிட்டரின் முக்கிய வேலை, பற்றும்போது எழும் மின்பொறிகளின் இரைச்சல் ரேடியோவுக்குப் போகாமல் விழுங்குவது. சில ரூபாய்க்கு விற்ற ஒரு பொருளுக்குள், ரேடியோ கேட்பவரை நினைத்து யாரோ ஒரு பாகத்தைச் சேர்த்திருக்கிறார்கள்! அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் டியூப்பின் இரு முனைகளும் சிவந்து நிற்கும், நடுவில் எரியாது. கைவேலை தெரிந்தவர்கள் அதைக் கட்டிங் பிளையரால் வெட்டிவிட்டு ஸ்டார்ட்டரை மறுபடி மாட்டிவிடுவார்கள். விளக்கு எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ரேடியோவுக்கு இருந்த காவல் மட்டும் போய்விடும்.

ஃபேன் ரெகுலேட்டரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சுவரில் பெட்டி பெட்டியாக இருந்த பழைய ரெகுலேட்டர் சூடானாலும் சத்தம் போடாது. அதற்குப் பின் வந்த குமிழ் வைத்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல, மின்சாரத்தை நொடிக்கு 100 முறை நறுக்கி நறுக்கி அனுப்புபவை. ஒவ்வொரு நறுக்கலும் ரேடியோவில் ஒரு முணுமுணுப்பு. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் இதே ஜாதி.

இப்போது எல்இடி. ஈ.பி. கம்பியில் வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். எல்இடிக்கு வேண்டியது அளவு கட்டிய நேர்மின்சாரம். இரண்டுக்கும் நடுவே தரகு வேலை பார்க்கும் சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பெயர். பெரும்பாலான டிரைவர்கள், வரும் மின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, பிறகு ஒரு டிரான்சிஸ்டரால் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. எவ்வளவு வேகமாக மூடித் திறக்கிறதோ, பாகங்கள் அவ்வளவு சிறிதாகும். கையடக்கமான 9 வாட் பல்பு சாத்தியமானதே இதனால்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரைவர் நொடிக்கு 60,000 முறை திறந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 60 கிலோஹெர்ட்ஸ். திறந்து மூடுவது வெடுக்கென்று நடப்பதால் 60-இல் மட்டும் சத்தம் நிற்பதில்லை. 120, 180, 240 என்று அதன் மடங்குகளிலெல்லாம் கிளம்பும். பன்னிரண்டாவது மடங்கு 720. நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முள்ளைக் கொண்டுபோய் நிறுத்திய சென்னை வானொலியின் இடம் அதுதான். பதினேழாவது மடங்கு 1020. சென்னையின் இன்னொரு அலைவரிசையான 1017-க்குப் பக்கத்து வீடு. நிஜ பல்புகளில் வேகம் கொஞ்சம் அலைபாய்ந்துகொண்டே இருப்பதால், இந்த மடங்குகள் கோடுகளாக நிற்காமல் பட்டைகளாக விரிந்து பக்கத்தில் இருப்பதையும் மூடிவிடும்.

பல்பு சின்னதுதானே, அதிலிருந்து எவ்வளவு தூரம் போய்விடும் என்று கேட்கலாம். பல்பு தனியாக இல்லை. அதன் பின்னால் சுவருக்குள் ஓடும் வயர் முழுவதும் அதற்கு ஏரியல். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே லைனில் இருக்கும் பக்கத்து வீட்டு பல்பின் சத்தம், வயர் வழியாகவே உங்கள் படுக்கையறைக்கு வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்வாரே, வானொலி நிலையத்தின் கதியும் அதுபோலத்தான்: அவர் குரல் குறையவில்லை, சுற்றிலும் சத்தம் உயர்ந்துவிட்டது. மீடியம் வேவில் வரும் ஏஎம் ஒலிபரப்பில் செய்தி முழுவதும் அலையின் உயரத்தில் இருக்கிறது, இரைச்சலும் அதே உயரத்தில் வந்து கலக்கிறது. அதனால்தான் அடி அங்கே பலமாக விழுகிறது. எஃப்எம் செட் அலையின் உயரத்தை வெட்டித் தள்ளிவிட்டு அதன் அதிர்வெண்ணை மட்டும் படிப்பதால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. டிரைவரின் வாசலில் ஒரு சின்னச் சுருளும் ஒன்றிரண்டு கெபாசிட்டர்களும் வைத்தால் பெரும்பங்கு சத்தம் வெளியே வராது. செலவு சில ரூபாய். விலைப் போட்டியில் முதலில் கழன்று விழுவதும் அதே சில ரூபாய்தான், ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் பல்பு எரியும். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் எல்இடி பல்புகள் விநியோகமாயின. 2014-இல் ஒரு பல்பு சுமார் 310 ரூபாய்க்கு வாங்கிய அரசு நிறுவனம், சில ஆண்டுகளில் அதை 38 ரூபாய்க்கு வாங்கியது. சாதனைதான், சந்தேகமில்லை. தினம் ஐந்து மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு இரண்டு மாத பில்லில் 18 யூனிட் தின்னும். 9 வாட் எல்இடிக்கு மூன்று யூனிட்கூட ஆகாது. குண்டு பல்புக்குத் திரும்புங்கள் என்று யாராவது சொன்னால் நானே எதிர்த்து எழுதுவேன்.

விலை குறைந்த பல்பெல்லாம் சத்தம் போடும், விலை கூடியதெல்லாம் அடக்கமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. டிஓபி என்று எலக்ட்ரீஷியன்கள் அலட்சியமாகச் சொல்லும் மலிவு பல்புகள் சிலவற்றில் திறந்து மூடும் வேலையே கிடையாது. மிஞ்சிய மின்சாரத்தைச் சூடாக்கிக் கழித்துவிடும். கொஞ்சம் மினுங்கும், சீக்கிரம் சாகலாம், ஆனால் ரேடியோவுக்கு நல்ல பிள்ளை. பேர் பெற்ற கம்பெனியின் அழகான பேனல் லைட் அலறவும் கூடும். அட்டைப்பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் என் முக்கியமான குறை.

இந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய இடங்கள் மூன்றும் சென்னையில் நம் தென்புறநகரிலேயே, ஏறத்தாழ அடுத்தடுத்து இருக்கின்றன என்பது வேடிக்கை. தரமணி சிஐடி வளாகத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம். அதே வளாகத்தில் மத்திய அரசைச் சார்ந்த சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம். ஒரு கருவி எவ்வளவு மின்காந்த இரைச்சல் போடுகிறது, எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்துச் சான்று தருகிற இடம். கொஞ்சம் தள்ளி, பெருங்குடியில் மத்திய அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம். உரிமம் பெற்ற அலைவரிசைகளில் அத்துமீறலும் இடையூறும் உண்டா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அதன் வேலை.

அளப்பதற்கு விதியும் இருக்கிறது. வானொலி இடையூறுகளைக் கவனிக்க 1934-லேயே சிஸ்பர் என்று ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. விளக்குகளுக்கென்றே அவர்கள் வகுத்தது சிஸ்பர் 15. அதைத் தழுவி நம் அமைவனமும் ஐஎஸ் 6873 வரிசையில் தரநிலை வைத்திருக்கிறது. ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் 2 மீட்டர் விட்டமுள்ள மூன்று கம்பி வளையங்களுக்கு நடுவே விளக்கை எரியவிட்டு அளப்பதும் அந்தச் சோதனைகளில் ஒன்று. ஆனால் கடையில் பல்பின் கழுத்தில் ஆர் எழுத்தும் எட்டு இலக்கமுமாக நீங்கள் பார்க்கும் கட்டாயப் பதிவு முத்திரை ஐஎஸ் 16102-இன் முதல் பாகத்துக்கானது. அது பாதுகாப்புத் தரநிலை. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கு அது சாட்சி; ரேடியோவைக் கெடுக்காது என்பதற்கு அல்ல. பெருங்குடிக்காரர்கள் வண்டி எடுத்துக்கொண்டு உங்கள் ஹால் பல்பைப் பிடிக்க வருவார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு காலத்தில் ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டினோம். 1980-களில் அதை எடுத்தார்கள், எல்லோரும் மகிழ்ந்தோம். காசு கட்டிக் கேட்கிறவன் என்ற அதட்டலும் அதோடு போயிற்று என்று எனக்குத் தோன்றும்.

'இந்தக் காலத்தில் யார் சார் மீடியம் வேவ் கேட்கிறார்கள்?' என்று ஒரு கேள்வி வரும். பிபிசி தமிழோசையே 2017 ஏப்ரல் கடைசியில் சிற்றலையை நிறுத்திக்கொண்டது, பிறகென்ன என்பார்கள். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் சரி. தாம்பரத்துக்காரர்கள் கேட்கக்கூடாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் பாதையில் நின்றன. கரண்ட் போயிற்று, பல இடங்களில் செல்போன் கோபுரங்களும் செத்தன, விமான நிலையத்தை மூடினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் என்று மறுபடி அதே பாடம். அப்படிப்பட்ட இரவில் இரண்டு பென்சில் செல்லில் ஓடும் ரேடியோ ஒன்றுக்குத்தான் கோபுரமும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம்.

2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் துண்டித்தபோது, வேறு காரியமாக போர்ட் பிளேருக்குப் போயிருந்த அமெச்சூர் ரேடியோ நிபுணர் பாரதி பிரசாத் தன் வயர்லெஸ் கருவியோடு உட்கார்ந்து செய்தி கடத்தியது பலருக்கு நினைவிருக்கலாம். 2015 வெள்ளத்தில் சென்னையிலும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் களத்தில் இருந்தார்கள். இவர்கள் காது கொடுப்பது மிக மெலிந்த சிக்னல்களுக்கு. அடுக்குமாடி வீடுகளில் இருந்துகொண்டு, நாலு பக்கமும் பல்புகள் கொர்ரென்று இரைய அவர்கள் பயிற்சி செய்வதே பெரும்பாடு.

பேரிடர் இரவில் ஒரு முரண் உண்டு. தெருவே இருண்டால் அலைவரிசை தெளிந்துவிடும். பல்பும் இல்லை, சார்ஜரும் இல்லை. அப்படியானால் பிரச்சினை தானே தீர்ந்ததே என்று சொல்லாதீர்கள். இப்போது பல வீடுகளில் இன்வெர்ட்டர் ஓடுகிறது, அதில் எல்இடிகள் எரிகின்றன, மட்டமான இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தானும் கத்தும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ஆண்டு முழுக்க கரகரத்த செட்டை யாரும் செல் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். வேண்டிய நாளில் அது பரணில் இருக்கும், செல் கசிந்து துருப்பிடித்து.

கடலோரத்தில் இது இன்னும் கூர்மையான விஷயம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2018 ஆகஸ்டில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: கப்பல்களிலும் படகுகளிலும் மாட்டிய எல்இடி விளக்குகள் விஎச்எஃப் வயர்லெஸ்ஸையும், கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஏஐஎஸ் கருவியையும் கெடுக்கின்றன என்று. சோதிக்கும் முறையையும் சொன்னார்கள். விளக்குகளை அணையுங்கள், பேச்சில்லாத ஒரு சேனலில் செட்டை வைத்து, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும்வரை திருப்பி, சத்தம் அடங்கும் இடத்துக்கு மெல்லத் திரும்பக் கொண்டுவாருங்கள், இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் மறுபடி எழுந்தால் விளக்கில் கோளாறு. கோவளத்திலோ நீலாங்கரையிலோ படகு வைத்திருக்கும் வாசகர்கள் இதைக் கரையிலேயே செய்து பார்த்துவிடுங்கள். ஆபத்தில் கூப்பிடும் 16-ஆம் சேனல் இருப்பதும் இந்த அலைவரிசையில்தான்.

பறவைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில், பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை பார்க்கும் ஐரோப்பிய ராபின் குருவிகள் வளாகத்துக்குள் திசை தெரியாமல் தடுமாறின. அவற்றின் மரக்குடிலை அலுமினியத் தகட்டால் மூடி எர்த் செய்ததும் திசை திரும்பக் கிடைத்தது. தொல்லை செய்தது எந்த ஒரு கருவியும் அல்ல, 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை நகரத்தில் பரவிக் கிடக்கும் பொதுவான மின் இரைச்சல். 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. மீடியம் வேவ் முழுவதும் அந்த எல்லைக்குள் அடக்கம். பள்ளிக்கரணைக்கு வலசை வரும் பறவைகளுக்கும் இதே கதி என்று சொல்ல ராபினை மட்டும் வைத்து முடியாது. ஆனாலும் வேளச்சேரிப் பக்கம் போகும்போது எனக்கு அந்தக் குருவிகள் ஞாபகம் வரும்.

வைஃபைக்கும் பல்புக்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் பிரிட்டனின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், கிறிஸ்துமஸ் சீரியல் விளக்குகள் வைஃபை வேகத்தைக் குறைக்கலாம் என்று சொல்லப்போக, அது பெரிய செய்தியானது. வைஃபை இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும். பல்பு டிரைவரின் சத்தம் அவ்வளவு உயரம் ஏறும்போது களைத்துவிடும். உங்கள் நெட் மந்தமாக இருந்தால் முதலில் மைக்ரோவேவ் அடுப்பையும், ரூட்டர் வைத்திருக்கும் இடத்தையும் சந்தேகப்படுங்கள். செல்போனோ வேறு கதை: லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் டியூப் லைட்டுகள் 700 மெகாஹெர்ட்ஸ் செல்போன் சேவையைக் கெடுத்ததாக அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014-இல் கட்டட உரிமையாளருக்கே கடிதம் அனுப்பியது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. செல்லில் ஓடும் ஒரு ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, வீட்டைச் சுற்றி வாருங்கள். இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு எம்சிபிக்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது சத்தம் விழுகிறதோ, அந்த லைனில் எதிரி இருக்கிறான். பிறகு ஸ்விட்ச் ஸ்விட்சாகத் தேடலாம். பல்பாக இல்லாமல் செல்போன் சார்ஜராகவோ செட்டாப் பாக்ஸின் அடாப்டராகவோ அகப்பட்டாலும் ஆச்சரியமில்லை. அகப்பட்டது வயர் உள்ள பொருள் என்றால் ரிச்சி தெருவில் ஃபெரைட் வளையம் கிடைக்கும். வயரை ஒருமுறை நுழைத்தால் பெரிய பலன் இராது. ஐந்து சுற்றுச் சுற்றினால் தடுக்கும் சக்தி ஏறத்தாழ 25 மடங்கு. ஹோல்டர் பல்பில் வளையம் மாட்ட இடமில்லை, அதை வராண்டாவுக்கு மாற்றிவிட்டு ரேடியோ இருக்கும் அறைக்கு வேறொன்று போடுங்கள். ஸ்டார்ட்டரில் கெபாசிட்டரை வெட்டியிருந்தால், தயவுசெய்து புது ஸ்டார்ட்டர்.

அடுத்த இதழில் தென்புறநகர் வீடுகளின் இரைச்சல் வரைபடம் ஒன்று போட ஆசை. சேலையூர், சிட்லப்பாக்கம், அனகாபுத்தூர், வண்டலூர், எங்கிருந்தாலும் சரி: எந்த வகை விளக்கு, எத்தனை வாட், ரேடியோவிலிருந்து எத்தனை அடியில் இருந்தபோது இரைந்தது என்று ஒரு கார்டில் எழுதிப்போடுங்கள். கம்பெனிப் பெயரை அச்சிட மாட்டோம், ஆனால் எங்களுக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து, அட்டைப்பெட்டியில் இரைச்சல் அளவையும் அச்சிடச் சொல்லும் மனுவோடு தரமணிக்குக் கொண்டுபோகலாம். பல்பையே பார்சலில் அனுப்ப வேண்டாம். உடைந்த கண்ணாடியோடு தபால்காரரிடம் திட்டு வாங்க எங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்